நான் போட்ட வெளிச்சம்

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் லீவுக்கு வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஆவணப்படம் பார்த்தீர்கள். வெளிநாட்டில் எங்கோ ஒரு சாமியார் கூட்டம். ஒரே நிறத்தில் உடுத்திய பெண்கள் ஒரு கிழவரைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். அதில் ஒருத்தி டாக்டருக்குப் படித்தவளாம். "இவ்ளோ படிச்சுட்டு எப்பிடிப்பா போயி விழுவுறாங்க? கொஞ்சமாச்சும் மூளை வேணாம்?" என்று சின்னவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். நான் எழுந்து மோட்டார் போடப் போனேன். அது மோட்டார் போடும் நேரம் இல்லை. தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் வரை ஓடியது.

அப்பா ஏன் எழுந்து போனார் என்று அன்றைக்கு நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள். அம்மா "அப்பாவையே கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். நேரில் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு அத்தை உண்டு. என் ஒரே தங்கச்சி. மூத்தவளுக்கு அவள் முகம் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். சின்னவனுக்கு இருக்காது. அவளை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எட்டு வருஷம் அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் போனதற்கு நானே ஒரு காரணம். அதைத்தான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அத்தை இடது கைக்காரி. சாப்பிடுவதையும் எழுதுவதையும் எங்கள் அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டது. விளக்குமாறு மட்டும் மாறவே இல்லை. இடது கையால்தான் கூட்டுவாள். எல்லோரும் கூட்டுகிற திசைக்கு எதிர்த்திசையில் குப்பை போகும். "இவ கூட்டுனா குப்ப திரும்பி வூட்டுக்குள்ளதான் வரும்" என்று அம்மா திட்டும். அவள் சிரித்துக்கொண்டே, "வந்தா வரட்டும், அதுவும் நம்ம குப்பதான்" என்பாள். வாய் அப்படி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அவளைக் கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்தோம். உங்கள் மாமா சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வந்து நிற்பார். "மாவுல பெரட்டி எடுத்து எண்ணெயில போடுறதுதான் பாக்கிண்ணே" என்பாள் உங்கள் அத்தை. அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ கிடையாது. அப்போது என்னிடம் கேமரா இல்லை. போட்டோ மட்டும் எடுத்தோம். இதைப் பிறகு சொல்கிறேன்.

ஏழு வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்த் தொட்டில் கட்டினாள். டாக்டரிடம் போனாள். கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது நாள் இருந்தது. அவ்வளவுதான். பால் வற்றுவதற்காக அவளுக்கு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். நான் பார்க்கப் போனபோது வாசல் வரைக்கும் பூ வாசனை. விசேஷ வீடு மாதிரி. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் ஏதேதோ சொன்னேன். எதற்கும் பதில் வரவில்லை. அவளிடமிருந்து பதில் வராதது அதுதான் முதல்முறை.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மீதி புரியாது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் வீடியோ கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுப்பேன். எடுத்த கேசட்டைத் திருச்சிக்குக் கொண்டுபோய் மிக்ஸிங் செய்வோம். பெண்ணைத் தாமரைப்பூவுக்குள் உட்கார வைப்பது, மாப்பிள்ளையின் கையிலிருந்து பூக்கொட்ட வைப்பது, பொண்ணு மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் சூரியன் மாதிரி ஒளிவட்டம் சுற்ற வைப்பது, எல்லாம் அங்கேதான். பார்ட்டிக்காரர்களுக்கு அந்த ஒளிவட்டம் ரொம்பப் பிடிக்கும். அது இல்லாமல் கேசட்டைக் கொடுத்தால், "என்னங்க, ஒண்ணுமே பண்ணாம குடுத்துட்டீங்க" என்பார்கள்.

இன்னொன்று. மிக்ஸிங் முடிந்து கேசட்டைக் கொடுத்ததும், நாங்கள் முதலில் எடுத்த மூலக் கேசட்டின் மேலேயே அடுத்த விசேஷத்தை எடுத்துவிடுவோம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். ஒரு கேசட்டில் ஏழெட்டுக் கல்யாணம் ஒன்றின்மேல் ஒன்றாக அழிந்து கிடக்கும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில், உடையார்பாளையத்துக்கு அப்பால் ஒரு முந்திரித் தோப்பிலிருந்து ஆள் வந்தார்கள். வெள்ளை உடுத்திய இரண்டு பேர். அவர்களுடைய ஐயாவுக்குப் பிறந்தநாள், வீடியோ எடுக்க வேண்டும் என்றார்கள். ஐயா என்று ஒருவர் அங்கே கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பதும், பத்துக் குடும்பம் அவரோடு தங்கியிருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். போனேன். ஐயா நான் நினைத்த மாதிரி இல்லை. தாடி கிடையாது, உத்திராட்சம் கிடையாது. ரிட்டயர் ஆன வாத்தியார் மாதிரி இருந்தார். "தம்பி சாப்பிட்டியா? மொதல்ல சாப்பிடு, அப்புறம் எடுக்கலாம்" என்றார். எத்தனையோ கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு மிச்சத்தைத் தின்றவன் நான். முதல் ஆளாக உட்கார வைத்து எனக்குச் சோறு போட்டது அங்கேதான்.

அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய். அதன்மேல் கரண்டு ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, சரியாக அவர் தலைக்குப் பின்னால். எங்கே நின்று எடுத்தாலும் ஒயர் விழுந்தது. திருச்சியில் மிக்ஸிங் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "யோவ், என்னய்யா இது, தூக்கு மாட்டுற மாதிரி இருக்கு" என்றார். "பொண்ணு மாப்ளைக்குப் போடுற வட்டத்தையே போட்டு மறைச்சு வுடுண்ணே" என்றேன். போட்டார். ஒயர் மறைந்தது. நன்றாக இருக்கிறதே என்று மிக்ஸிங் அண்ணன், ஐயா கையைத் தூக்குகிற இடத்தில் உள்ளங்கையிலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் விட்டார். கேட்காமலே செய்தார். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தோம். கடைசியில் வழக்கம்போல என் கடைப் பெயர், ஊர் எல்லாம் பூப்போட்டு வரும்.

அந்தக் கேசட்டை அவர்கள் எத்தனை காப்பி போட்டார்களோ தெரியாது. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கீழப்பழுவூரிலும் ஒரு மத்தியானம் போட்டிருக்கிறார்கள். உங்கள் அத்தையைப் பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எட்டு மாதமாக வெளியே வராதவள் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

இதெல்லாம் மாமா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு கடை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"மச்சான், ஒங்க தங்கச்சி தோப்புல போயி தங்கிட்டா."

"எந்தத் தோப்பு மாப்ள?"

"நீங்க படம் எடுத்தீங்கள்ல, அந்தத் தோப்புதான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிட்டு வந்தா. பேச ஆரம்பிச்சா, சோறு திங்க ஆரம்பிச்சா, சரி போவட்டும்னு வுட்டேன். இப்ப பொடவை ரெண்டை எடுத்துகிட்டுப் போயிட்டா. நான் நேர்ல போயிக் கூப்புட்டேன். 'எங்க அண்ணனே எடுத்திருக்கு, வெளிச்சம் தெரியுதுல்ல. எங்க அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது'ங்குறா."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னா கேப்பா மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே போனேன். முந்திரிக்கொட்டை உதிர்கிற பருவத்துக்கு முன்னால் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டிவைப்பார்கள், விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. அத்தை வெள்ளைப் புடவையில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால்தான். தூரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

"அண்ணே" என்று ஓடிவந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. பூவை வைத்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் அவள்.

"ஏ புள்ள, அந்த வெளிச்சம் நான் போட்டது. திருச்சியில மெசின்ல போட்டது" என்றேன்.

"சரி."

"என்ன சரி? கல்யாணத்துக்கு எல்லாம் போடுறதுதான். பின்னாடி ஒரு ஒயரு தொங்குச்சு, அதை மறைக்கப் போட்டேன்."

அவள் விளக்குமாற்றைக் கீழே தட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு சிரித்தாள். "ஏண்ணே, ஒயரை மறைக்கணும்னா துணியப் போட்டு மறைச்சிருக்கலாம்ல? ஒனக்கு ஏன் வெளிச்சம் போடணும்னு தோணுச்சு? ஒன்னைய அப்பிடி நெனைக்க வச்சது யாரு?"

அது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பெண் மாப்பிள்ளைக்கும் போடுகிறோமே, அவர்களெல்லாம் சாமியா என்று கேட்டேன். "அன்னைக்கு ஒரு நாளு அவங்களும் சாமிதாண்ணே" என்றாள். பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்குத்தான் வரவில்லை.

போலீஸில் போய்ச் சொன்னோம். "வயசு முப்பதாவுது, அவங்களா போயிருக்காங்க, அடிச்சாங்களா, அடைச்சு வச்சாங்களா? ஒண்ணும் இல்லியே. நாங்க என்னங்க பண்றது" என்றார்கள். அதுவும் சரிதான்.

வெளிச்சம் இல்லாத படத்தைக் காட்டினால் நம்புவாள் என்று பிறகு எனக்குத் தோன்றியது. மூலக் கேசட்டைத் தேடினேன். அதன்மேல் எதையோ எடுத்து அழித்திருந்தேன். எதை என்று தெரியவில்லை. கடையில் இருந்த முப்பத்துச் சொச்சம் கேசட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைசிவரை ஓடவிட்டேன். யார் யாரோ தாலி கட்டினார்கள், யார் யாரோ பந்தியில் கேமராவைப் பார்த்து மென்றார்கள். கடைசியில் கிடைத்தது. குன்னத்தில் எடுத்த வளைகாப்பு முடிந்ததும் திரை ஒரு ஆட்டம் ஆடி, நீலத் தார்ப்பாய் வந்தது. மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது. வட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை. ஒயர் தொங்குகிறது. ஐயா திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்த ஒயரு படத்துல வுழுவுமா? அசிங்கமா இருக்குமேப்பா" என்று கேட்கிறார். "பாத்துக்கலாங்கய்யா" என்று என் குரல்.

இது போதும் என்று நினைத்தேன்.

மூத்தவளே, உன் காதுகுத்துக்கு அத்தை வந்தாள், தோப்பிலிருந்து இரண்டு பெண்களோடு. எங்கே போனாலும் மூன்று பேராகத்தான் வருவார்கள். உன்னைத் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தும்போது நீ அலறிய அலறலில் அவள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். சாப்பாடு முடிந்ததும் அவளை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கேசட்டைப் போட்டேன். உங்கள் அம்மாவும் நின்றாள்.

மூன்று நிமிஷமும் அசையாமல் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சரி, உடைந்துவிட்டது என்று உங்கள் அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ போடுண்ணே" என்றாள். போட்டேன். "பாத்தியாண்ணே, எவ்ளோ வெள்ளந்தியா கேக்குறாரு. அசிங்கமா இருக்குமேப்பாங்குறாரு. கொழந்த மாதிரி." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கேசட்ட எனக்குக் குடுப்பியா?"

கொடுக்கவில்லை. உங்கள் அம்மா அவளை வழியனுப்பிவிட்டு வந்து, "ஏங்க, இனிமே அவகிட்ட எதையும் காட்டாதீங்க. நீங்க காட்டக் காட்ட அவ உள்ள போறா" என்றாள். உங்கள் அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து நாலு இருக்கும். சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறோம் என்றார்கள். கேசட்டின் கடைசியில் வந்த என் கடைப் பெயரைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், வட்டம், மிக்ஸிங், மூன்று நிமிஷம். கேள்வி கேட்ட பெண் பொறுமையாகக் கேட்டது. முக்கால் மணி நேரம் பேசினேன். எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், கேமராவுக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அன்றுதான். "சார், இது வந்தா நெறைய குடும்பம் தப்பிக்கும்" என்று அந்தப் பெண் சொன்னது. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். மாமாவை வரச் சொன்னேன். எல்லோரும் கடையில் உட்கார்ந்து பார்த்தோம்.

என் முக்கால் மணி நேரத்தில் ஒரு வாக்கியம் வந்தது. "கல்யாணத்துக்குப் போடுறதுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் மறைந்துபோனேன். நான் போட்ட வெளிச்சத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், பேய்ப் படத்துக்குப் போடுகிற மியூசிக்கோடு. பிறகு தோப்பு வந்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தது. வெள்ளைப் புடவையில் ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். படத்தை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். நிறத்தைக் கறுப்பாக இறக்கியிருந்தார்கள். அவள் சாதாரணமாகக் கூட்டுவது ஏதோ தன்னறிவு இல்லாமல் கூட்டுவதுபோல இருந்தது. எப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே செய்கிறேன். "புத்தியை அடகு வைத்தவர்கள்" என்று ஒரு குரல் சொன்னது. முகத்தை மட்டும் கலங்கலாக்கியிருந்தார்கள், யார் என்று தெரியக் கூடாது என்று.

கலங்கலாக்கி என்ன செய்வது. இடது கையால் கூட்டினாள்.

கீழப்பழுவூர் முழுக்க அவளைத் தெரிந்துகொண்டது. ஒரு வாரம் கழித்து மாமா வந்தார். "லாரி ஸ்டாண்டுல என்னைய 'என்னா, வெளக்கமாத்து சாமியாருக்குப் புருசனா'ங்குறானுவ மச்சான். இடது கையில தொடப்பத்தப் புடிச்சுகிட்டு நடந்து காட்டுறானுவ." அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் அதிகம் வரவில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐயா போட்ட வேஷம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, இனிமேல் அவளால் மறுக்க முடியாது என்று நினைத்தேன். அந்த நிகழ்ச்சியை ஒரு சிடியில் ஏற்றி எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன்.

"நாங்க பாத்துட்டோம்ணே" என்றாள். "ஐயாவே எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டாரு. 'ஒலகம் நம்மளப் பாத்து எப்பிடிச் சிரிக்குது பாருங்க, யாருக்குப் போவணும்னு தோணுதோ போவலாம், நான் கோச்சுக்க மாட்டேன்'னாரு. யாரும் போவல."

"நீ?"

கூட வரும் இரண்டு பெண்களும் கிணற்றடியில் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பொங்கலுக்கு வரலாம்னு இருந்தேன்ணே."

"வந்துரு. இப்பவே வா. பஸ்ஸு நிக்குது."

"மொழங்கால் வலி எடுத்துப்போச்சு. முன்னெல்லாம் அவரு பேசுனா நல்லாருக்கும். இப்ப சொன்னதயே சொல்றாரு. அவரு என்ன பண்றாரோ, நேரத்துக்குத் திங்குறாரோன்னு நெனச்சுக்குவேன்." 'அவரு' என்று இரண்டாவதாகச் சொன்னது மாமாவை. "யாருகிட்டயும் சொல்லல. தை பொறந்ததும் பேசாம பஸ் ஏறி வந்து வூட்டு வாசல்ல நின்னா, அவரு ஒண்ணும் கேக்க மாட்டாருன்னு நெனச்சிருந்தேன்."

"கேக்க மாட்டாரு. வா."

"எப்பிடிண்ணே?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். "இப்ப நான் கீழப்பழுவூர்ல பஸ்ஸ வுட்டு எறங்குனா, எதுத்தாப்புல வர்ற புள்ளைங்கூட இடது கையால கூட்டிக் காட்டுமே. அவரு எங்க போயி நிப்பாரு? முன்னன்னா புள்ள செத்தவன்னு பேசிகிட்டாங்க. இப்ப இது. இங்கன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. எல்லாரையும் சேத்துத்தானே காட்டுனாங்க."

பெரம்பலூருக்கு வா, எங்களோடு இரு என்றேன். "ஒன் கடையிலதானே உக்காந்து எல்லாரும் பாத்தீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் விஷயம் என்பதுபோலச் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த சிடியை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "எனக்கு மூஞ்சியே இல்லியேண்ணே இதுல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

நான் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமா? அப்படித் தூக்கினால் அவளை அடைத்துவைத்த ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை போனேன். அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. இரண்டாயிரத்து ஏழில், அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகி போர்டெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம், தோப்பைக் காலி செய்துவிட்டார்கள். இடத்துக்காரர் கேட்டாராம். எல்லோரும் ஒன்றாக அரியலூரில் ரயில் ஏறினார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். வடக்கே என்றார். வடக்கே எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. நான் போனபோது மரத்தடியெல்லாம் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அவ்வளவு சுத்தமாகக் கூட்டிவிட்டுப் போன இடத்தில் விழுந்த கொட்டையை யார் பொறுக்கினார்களோ தெரியாது.

அவள் கல்யாணத்துக்கு வீடியோ இல்லை என்று சொன்னேன் அல்லவா. உன் காதுகுத்தில் அவளை எடுத்திருந்தேன், அதன்மேலும் பிறகு எதையோ எடுத்துவிட்டேன். அவள் நடமாடுகிற படம் என்று என்னிடம் இருப்பது அந்த சிடி ஒன்றுதான். பீரோவில் உங்கள் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. இருபது விநாடி இருக்கும். முகம் தெரியாது.

இந்த மாதிரி ஆவணப்படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாருங்கள். நானும் நீங்கள் ஊருக்குப் போன பிறகு பார்க்கிறேன். சாமியார் பேசுவதையும் தப்பித்து வந்தவர்கள் அழுவதையும் நான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பின்னால் வாசல் கூட்டுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்களைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அவளுக்கு இப்போது வயது அறுபதை நெருங்கும். உங்களுக்கு இந்தி தெரியும், எனக்குத் தெரியாது. வடக்குப் பக்கம் எடுத்த படம் ஏதாவது கண்ணில் பட்டால், அதில் யாராவது இடது கையால் கூட்டினால், எந்த ஊர் என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்த இடத்தில் மட்டும் சிரிக்காதீர்கள்.